இரண்டரை வரை எண்ணியவர்

எடை மேடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கும். லாரி ஓட்டுநர்களுக்கு அவர் "ரெண்டரை". "ரெண்டரை அண்ணே, வண்டியை ஏத்தட்டுமா?" என்று கேட்பார்கள், அவரும் ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டுவார். புதிதாக வரும் ஓட்டுநர், ஏதோ இரண்டரை டன் சமாசாரம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். பழைய ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

அவருடைய அறை எட்டடிக்கு ஆறடி. ஒரு கண்ணாடி ஜன்னல், சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, சீட்டு அச்சடிக்கும் இயந்திரம், நடுவில் குழி விழுந்த ஒரு நாற்காலி. வெளியே தரையோடு தரையாகப் பதித்த இரும்புத் தட்டில் லாரி ஏறி நிற்க வேண்டும். எல்லாச் சக்கரமும் தட்டுக்குள் இருக்க வேண்டும், ஓட்டுநர் இறங்கிவிட வேண்டும். எண் ஆடாமல் நின்ற பிறகுதான் ரெண்டரை பொத்தானை அழுத்துவார். "அஞ்சு கிலோவுல என்னண்ணே குடி முழுகிப் போயிடும்?" என்று கெஞ்சினாலும் மசிய மாட்டார். அவசரப்பட்டு ஒரு முறை பட்டது போதும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார்.

வரிசையில் முன்னால் இருக்கும் வண்டி எடை போடும்வரை பின்னால் இருப்பவர்களுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத வாய் சும்மா இருக்குமா? அந்த அறை வாசலில் வாய்கள் வருஷம் முழுக்க மென்றது ஒரே விஷயம்தான்: மல்யுத்தம். அதிலும் யார் நல்ல சாம்பியன் என்று பேசினால் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் ஒத்துப்போய்விடுவார்கள். அதில் ருசி கிடையாது. யார் மோசமான சாம்பியன் என்று ஆரம்பித்தால் போதும், லாரியை எடுக்கவே மறந்துவிடுவார்கள்.

"பேசத் தெரியாதவன்தான் மோசமான சாம்பியன்" என்பார் மணல் லாரிக்காரர். இவர்தான் ஓட்டுநர்களின் மல்யுத்த ரசிகர் சங்கத்துக்குச் செயலாளர். "மைக்கைக் கையில குடுத்தா, மனப்பாடம் பண்ணினதை மறந்த பிள்ளை மாதிரி முழிக்கிறான். அவனுக்கு எதுக்கு பெல்ட்டு?"

"பேச்சு என்னத்துக்கு?" என்று பாய்வார் பால் டேங்கர்க்காரர். அவர் கொஞ்சம் யோசிக்கிற ஆள், அதனால் சங்கத்தில் அவருக்கு மதிப்பு குறைவு. "எதிராளியைக் கொசுவா காட்டுறான் பாருங்க, அவன்தான் மோசம். கொசுவை அடிச்சவனுக்கு எதுக்குப் பட்டம்? நல்ல சாம்பியன் தன் கூட மோதுறவனையும் பெரிய ஆளாக்கிட்டுத்தான் ஜெயிப்பான்."

"தோத்துட்டு சாக்கு சொல்றவனை விட்டுட்டீங்களே. ரிங்கு வழுக்குச்சு, விளக்கு கண்ணைக் கூசுச்சுன்னு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்" என்பார் இன்னொருவர்.

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து விழுவார்கள். "என்ன இருந்தாலும் துரும்புத் தோள் மாதிரி வராதுப்பா!" அதோடு ஒரு பெரிய சிரிப்பு. எல்லாக் கண்ணும் ஜன்னல் பக்கம் திரும்பும். ரெண்டரை சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருப்பார். துரும்புத் தோள் அவருடைய தங்கை புருஷன் என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சிரிப்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் பழைய சந்தைக் கொட்டகையில் மல்யுத்தம் நடந்தது. வார நாட்களில் எடை மேடையில் இருந்த ரெண்டரை, சனிக்கிழமைகளில் கறுப்பும் வெள்ளையும் பட்டை போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அங்கே நடுவராக நின்றார். யார் ஜெயிக்க வேண்டும் என்று கொட்டகை முதலாளி மத்தியானமே சொல்லிவிடுவார். பார்க்க வருகிறவர்களுக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் நம்புவதற்காகத்தான் வந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கெடுக்காமல் வைத்திருப்பதுதான் ரிங்குக்குள் இருக்கிற அத்தனை பேருக்கும் வேலை. வாய்விட்டுச் சொல்கிறேன், அதைக் கேவலமாக நினைக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியாது.

அங்கே சேர்ந்த ஒரு பையனுக்குத் தன் தங்கையைப் பேசி முடித்ததும் ரெண்டரைதான். "கை கால் நல்லா இருக்கு, குடி கிடையாது, விழத் தெரியும்" என்று தங்கையிடம் சிபாரிசு செய்தார். மாப்பிள்ளையின் மேடைப் பெயர் இரும்புத் தோள். எதிராளி அவரை மல்லாத்தி அமுக்கிப் படுத்திருப்பான். நடுவர் ஒன்று, இரண்டு என்று தரையில் அறைவார்; மூன்று விழுந்தால் தோல்வி. மூன்றாவது அறை விழ நூலிழை இருக்கும்போது மாப்பிள்ளை இடது தோளைத் தூக்குவார். கூட்டம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கத்தும். ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் தாமதம் செய்வார். "என் உயிரை வாங்காதீங்க மாப்ளே" என்று ரெண்டரை கேட்டால், "உங்க கை நடுங்குறதைப் பார்க்கத்தான் மச்சான் தாமதம் பண்றேன்" என்பார். கடைசியில் முதலாளிக்கும் மனசு இளகிப் பட்டத்தை அவருக்கே கொடுத்தார்.

பட்டம் வந்த முப்பத்தைந்தாம் நாள், எதிராளி அவரைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்தான். மாப்பிள்ளை கழுத்தும் தோளும் முதலில் படும்படி விழுந்தார். எதிராளி மேலே படுத்தான். ரெண்டரை சறுக்கிக்கொண்டு வந்து ஒன்று அறைந்தார், இரண்டு அறைந்தார். முதலாளி சொன்னபடி அன்றைக்கு மாப்பிள்ளை தோற்கக் கூடாது. தோள் எழும்பவில்லை.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சந்தேகம் வந்தால் நடுவர் கீழே கிடப்பவனின் உள்ளங்கையில் இரண்டு விரலை வைப்பார். அவன் நன்றாக இருந்தால் ஒரு அழுத்து அழுத்துவான். அழுத்தவில்லை என்றால் நடுவர் எழுந்து இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகக் காட்ட வேண்டும். ஆட்டம் அத்தோடு நிற்கும். யாரும் அவனைத் தொடக் கூடாது. ரெண்டரைக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஆனால் அந்தக் கணத்தில் அவருக்கு வந்த நினைப்பு வேறு. மாப்பிள்ளை வழக்கம்போல விளையாடுகிறார், இன்றைக்கு ரொம்பவே விளையாடுகிறார் என்றுதான் நினைத்தார். மூன்றாவது அறைக்கு ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. இரண்டாயிரம் பேர் அதைப் பார்த்தார்கள். மேலே கிடந்தவன் பதறி உருண்டு விலகினான். ரெண்டரை ஆத்திரத்தில் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்து, "தோளைத் தூக்குடா!" என்று போட்டு உலுக்கினார். அதுவரை ஒரு நாளும் அவரை "டா" போட்டுப் பேசியது இல்லை. உலுக்கிய பிறகுதான் அந்தக் கண்களைப் பார்த்தார். கூட்டத்துக்கு அந்த உலுக்கலும் ஆட்டம்தான்; முதலாளி விளக்கை அணைக்கச் சொல்லி, மாப்பிள்ளையை இருட்டில் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போகவைத்தார்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "விழுந்ததுக்கப்புறம் யாராவது இவரை அசைச்சீங்களா?" பக்கத்தில் தங்கை நின்றாள். ரெண்டரை சொன்னார்: "இல்லை டாக்டர். யாரும் தொடலை."

கழுத்து பிழைத்தது. இடது கை மார்புக்கு மேல் எழும்பாமலே போனது. விழுந்ததால் ஆனதா, வேறு எதனாலாவது ஆனதா என்று இனிச் சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர். அடுத்த சனிக்கிழமை முதலாளி மைக்கைப் பிடித்து, "நம்ம சாம்பியன் பயந்து ஓடிட்டார், பட்டத்தைப் பறிச்சாச்சு" என்று அறிவித்தார். நிஜ அடியைச் சொன்னால் காவல்துறை வரும், கொட்டகையைப் பூட்டுவார்கள் என்று அவருக்குப் பயம். இரும்புத் தோள் அன்றே துரும்புத் தோள் ஆனார். தோற்க வேண்டிய நேரத்தில் மச்சான்காரன் கையை நிறுத்திக் காப்பாற்றினான், அப்படியும் இவன் பயந்து ஓடினான் என்று ஊர் பேசியது. மூன்றாவது அறையைப் பாதியில் நிறுத்திய நடுவருக்கும் "ரெண்டரை" என்று ஒரு பெயர் கிடைத்தது. ரெண்டரை அதற்குப் பிறகு ரிங் பக்கமே போகவில்லை.

மாப்பிள்ளை இப்போது தண்ணீர் அலுவலகத்தில் புகார் எழுதிக்கொள்ளும் மேசையில் இருக்கிறார். குழாயில் தண்ணீர் வராதவர்கள் திட்டுவதை எல்லாம் சிரித்துக்கொண்டே எழுதுவார். "ரெண்டாயிரம் பேர் திட்டிக் கேட்டவனுக்கு இது ஒரு திட்டா?" என்பார். தங்கை அவர் சட்டைகளின் இடது பக்கத் தையலைப் பிரித்து, ஒட்டுப் பட்டை வைத்துத் தைத்துக் கொடுப்பாள். ரெண்டரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. மற்ற ஆறு நாளும் அவர் யாருடனும் உட்கார்ந்து சாப்பிட்டது கிடையாது. உலகத்தில் தட்டினால் திறக்கும் கதவு என்று அவருக்கு அது ஒன்றுதான் இருந்தது. அந்த ஒரு "இல்லை"யை அவர் இத்தனை வருஷம் மென்று விழுங்கிக்கொண்டிருந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் சங்கத்துக்கு வேண்டாத ஒரு யோசனை வந்தது. ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு லாரி சங்கத்து மண்டபத்தில் பெரிய விவாதம்: மோசமான சாம்பியன் யார்? பேசி முடித்ததும் கையைத் தூக்கி ஓட்டு. வெல்பவருக்குத் தகரத்தில் பெல்ட்டு மாதிரிச் செய்த பட்டம். துரும்புத் தோளையே நேரில் அழைப்பது என்று முடிவு செய்து, மணல் லாரிக்காரர் வீடு தேடிப் போய்க் கூப்பிட்டுவிட்டும் வந்தார். மாப்பிள்ளை வருவதாகச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு மான ரோசமே இல்லையா?" என்று தங்கை சாப்பாட்டு மேசையிலேயே கத்தினாள்.

"பத்தொன்பது வருஷம் கழிச்சு ஒரு பட்டம் தேடி வருது. வேண்டாம்னா சொல்வாங்க?" என்றார் மாப்பிள்ளை. "குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைன்னு எத்தனை நாள் சொல்றது? ஒட்டின மண்ணைக் காட்டிட்டு வந்துடுவோம்."

தங்கை அவரை விட்டுவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. "அண்ணே, நீ அங்கே பக்கத்துலயே இருந்தே. இவர் பயந்து ஓடலை, அடிபட்டுக் கிடந்தார்னு உனக்குத் தெரியும். அந்த முதலாளியும் செத்துட்டான், கொட்டகையும் இடிச்சாச்சு. இன்னும் யாருக்குப் பயப்படணும்? மண்டபத்துல எந்திரிச்சு நடந்ததைச் சொல்லு. எனக்காகச் சொல்லு."

ரெண்டரை தலையை ஆட்டினார். மாப்பிள்ளையின் பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொன்னால் இந்த மேசையில் இனி இடம் இருக்குமா என்பது தெரியாது. கேட்பவளே அந்தத் தங்கைதான் என்பதுதான் கொடுமை. அந்த வாரம் முழுக்க அவர் ஒரு குறுக்கு வழியை யோசித்தார். அடிபட்டது என்பதை மட்டும் சொல்லிவிட்டு, உலுக்கியதை விட்டுவிடலாம். பாதி உண்மையும் உண்மைதானே என்று தன்னையே சமாதானம் செய்து பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அது சமாதானம் ஆகவில்லை.

ஞாயிறு மண்டபத்தில் அறுபது பேர் இருந்தார்கள். மடக்கு நாற்காலிகள், ஒரு மைக், மேசை மேல் தகரப் பட்டம். மூன்றாவது வரிசையில் தங்கையும் மாப்பிள்ளையும். ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேசத் தெரியாத சாம்பியன், எதிராளியை நசுக்கிய சாம்பியன், சாக்குச் சொன்ன சாம்பியன் என்று பட்டியல் நீண்டது. பால் டேங்கர்க்காரர் மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பேசினார்.

"மத்தவங்க எல்லாம் சரியா சண்டை போடலை. அது போகட்டும். ஆனா துரும்புத் தோள் அண்ணன் விஷயத்துல நடந்தது வேற. அன்னைக்கு நான் கொட்டகையில இருந்தேன். அந்தக் கை நின்னதும், இத்தனை வருஷம் நம்பி வந்ததுக்கு எனக்கே என் மேல வெட்கமா போச்சு. நம்மளை நம்மகிட்டயே முட்டாளாக்கினவன்தான் மோசமான சாம்பியன்."

கைதட்டல் அடங்கியதும் ரெண்டரை எழுந்தார். எழுந்ததுமே சிரிப்பு.

"அவர் பயந்து ஓடலை. அன்னைக்கு விழுந்ததுல நிஜமாவே அடிபட்டுடுச்சு. தோளைத் தூக்க முடியலை. அன்னைக்கு ராத்திரியில இருந்து நாலு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தார். அவ்வளவுதான்" என்று சொல்லி உட்காரப் போனார்.

"ஒரு நிமிஷம் அண்ணே" என்றார் பால் டேங்கர்க்காரர். கிண்டலாகக் கேட்கவில்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "அடிபட்டுச்சுன்னா நீங்க ஆட்டத்தை நிறுத்தியிருக்கணுமே. ஏன் நிறுத்தலை?"

ரெண்டரை தங்கையைப் பார்த்தார். அவள் அவரை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இல்லை என்றால் அவர் இன்னொரு பொய் சொல்லியிருப்பார்.

"அவர் விளையாடுறார்னு நினைச்சேன்" என்றார். "கையைத் தொட்டுப் பார்க்கணும். நான் பார்க்கலை. கோபத்துல தோளைப் புடிச்சு உலுக்கினேன். கழுத்து ஒடிஞ்சு கிடந்தவரை உலுக்கினேன். அந்தக் கை போனது என்னாலதான்னு நினைக்கிறேன். டாக்டர் கேட்டப்போ யாரும் தொடலைன்னு பொய் சொன்னேன். பட்டம் குடுக்கணும்னா எனக்குக் குடுங்க."

பின் வரிசையில் இருந்து ஒரு விசில் கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. "என்னா நடிப்புண்ணே!" "பத்தொன்பது வருஷம் கழிச்சு மச்சானும் மாப்பிள்ளையும் கதையை முடிக்கிறாங்கய்யா!" "கண்ணுல தண்ணி வரவெச்சுட்டாரு!" மணல் லாரிக்காரர் ஓடி வந்து ரெண்டரையைக் கட்டிப்பிடித்தார். நிஜம், நிஜம் என்று ரெண்டரை சொல்லச் சொல்ல, கைதட்டல்தான் கூடியது. பொய்யை நிஜமாக நம்பப் பழகிய கூட்டம், நிஜம் வந்து எதிரே நின்றபோது அதையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

மாப்பிள்ளை எழுந்தார். மேடை ஏறி மைக்கை வாங்கி, பழைய கரகரத்த குரலில், "இந்த நடுவரை நான் சும்மா விட மாட்டேன்!" என்றார். மண்டபம் அதிர்ந்தது. ஓட்டு எடுத்தார்கள். நாற்பத்தோரு கை துரும்புத் தோளுக்கு உயர்ந்தது. அவர் தகரப் பட்டத்தை வலது கையால் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். சிரித்துக்கொண்டேதான் தூக்கினார். தங்கை மட்டும் எழுந்து வெளியே போயிருந்தாள்.

மண்டபத்துப் படிக்கட்டுத் திருப்பத்தில் மாப்பிள்ளை ரெண்டரையைப் பிடித்து நிறுத்தினார். சிரிப்பு முகத்தை விட்டுப் போயிருந்தது.

"மச்சான், அவ கீழே நிக்கிறா. சும்மா கூட்டத்துக்காகச் சொன்னேன்னு சொல்லிடுங்க. அவ நம்பிடுவா. நம்பணும்னுதான் அவளுக்கும் ஆசையா இருக்கும்."

"உங்களுக்குத் தெரியுமா மாப்ளே?"

"என்னைப் போட்டு உலுக்கினது எனக்குத் தெரியாதா? பதட்டத்துல பண்ணிட்டீங்கன்னு விட்டுட்டேன்." அவர் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். "டாக்டர்கிட்ட இல்லைன்னு சொன்னதுதான் எனக்குத் தெரியாது."

இருவரும் படி இறங்கினார்கள். கடைசிப் படியருகே தங்கை நின்றாள்.

"அண்ணே, அங்கே சொன்னது நிஜமா? இல்லை, அவங்க சொல்ற மாதிரி நடிப்பா?"

மாப்பிள்ளை தகரப் பட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரெண்டரையையே பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த ஞாயிறும் சாப்பாடு உண்டு.

"நிஜம்தாம்மா" என்றார் ரெண்டரை.

"டாக்டர் கேட்டப்போ நான் உன் பக்கத்துல நின்னேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவே இல்லை. "நீ சொன்னதைத்தான் நான் நம்பினேன். அப்புறம் ஒவ்வொரு டாக்டரும் கேட்டப்போ, யாரும் தொடலை, எங்க அண்ணன் பக்கத்துலயே இருந்தார்னு நானே சொன்னேன். என் வாயால."

ரெண்டரை அவள் காலைத் தொடப் போவது போலக் குனிந்தார். அவள் பின்வாங்கினாள்.

"அழாதே. அழுதா எனக்கு இரக்கம் வந்துடும், அது எனக்கு வேண்டாம். தினம் காலையில அரை மணி நேரம் அவர் கையைப் புடிச்சு மேலே தூக்கித் தூக்கி இறக்கணும். இல்லைன்னா மூட்டு இறுகிப்போயிடும். அவர் வலியில பல்லைக் கடிப்பார், அதைப் பார்த்துக்கிட்டே தூக்கணும். பத்தொன்பது வருஷமா ஒரு நாள் விடாம நான் செஞ்சிருக்கேன். நாளையில இருந்து நீ செய். ஆறு மணிக்கு வா. செஞ்சுட்டுப் போ. சாப்பிட உட்காராதே."

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று மாப்பிள்ளை குறுக்கே வந்தார். அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

மறுநாள் ரெண்டரை ஐந்தரைக்கே போய் அந்த வீட்டு வாசலில் நின்றார். உள்ளே விளக்கு எரிந்தது, தங்கை நடமாடும் சத்தம் கேட்டது. இரண்டு முறை தட்டினார். ஆறு மணி ஆகும்வரை கதவு திறக்கவில்லை.